அக்காவுக்கு முட்டி சரியில்லை

அந்த வீட்டுக்கு வந்த மருமகள்கள் இரண்டு பேர். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாமியார் வைத்த பெயர்கள் அவை. மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகியும் பெயர்கள் மட்டும் போகவில்லை. சின்னவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலையில் பாதிக்கு மேல் நரை. மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இருந்தாலும் எதிர்வீட்டுக்காரரில் இருந்து பால்காரர் வரை எல்லாருக்கும் அவள் சின்னவள்தான்.

பெரியவள் மாடியில் இருந்தாள். சின்னவளும் அவள் கணவரும் கீழே. பெரியவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வார்டுக்குள் நுழைந்தால் சின்ன டாக்டர்கள்கூட சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். ஓய்வு பெற்றபோது மாலையையும் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வார்டை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். சின்னவள் வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் திரை, மகள் எந்தப் பள்ளிக்கூடம், குக்கருக்கு எத்தனை விசில், எல்லாவற்றுக்கும் மாடியில் இருந்துதான் உத்தரவு வரும். "நான் சொல்றேன்ல, கேளு" என்பாள். சின்னவள் கேட்பாள்.

கெட்டவள் என்று பெரியவளை யாரும் சொல்ல முடியாது. சின்னவளுக்குப் பிரசவம் சிக்கலாகி உயிர் போய் உயிர் வந்த சமயத்தில், வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள்தான். சின்னவள் கண் விழித்ததும் கேட்ட முதல் குரலும் அவளுடையதுதான். "புரண்டு படுக்காதே, தையல் பிரியும்." அன்பைக்கூட அதட்டலாகத்தான் கொடுக்கத் தெரியும் அவளுக்கு. அதனாலேயே அவளிடம் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. சின்னவள் இத்தனை வருடத்தில் பெரியவளிடம் ஒருமுறைகூட "முடியாது" என்று சொன்னதில்லை.

சின்னவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். அவள் இருப்பது பின்னால் உள்ள சின்ன அறையில். லென்ஸைக் குறித்து, தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் ஓரத்தைத் தேய்த்து, ஃபிரேமைச் சூடுகாட்டி இளக்கி உள்ளே பொருத்துவது அவள் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொள்ளும். மகள் வெளியூர் போன வருடம், கடைக்கு வந்த ஒரு தபால்காரர் தன் நடைக் குழுவைப் பற்றிச் சொன்னார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திருபது பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே நடப்பார்கள். "வாங்களேன், கழுத்து நிமிரும்" என்றார். போனாள். கழுத்து நிமிர்ந்தது.

அங்கே அவளுக்கு வேறு பெயர். பையில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பாள். நடந்துகொண்டிருக்கும்போதே யார் கண்ணாடியிலாவது காதுக் கம்பி கழன்றால், ஒரு பாறையில் உட்கார்ந்து முடுக்கிக் கொடுத்துவிடுவாள். அதனால் எல்லாரும் கண்ணாடியம்மா என்று கூப்பிட்டார்கள். கண்ணாடியம்மா நன்றாகச் சிரிப்பாள். கண்ணாடியம்மா ஏறுகிற வழியில் சினிமாப் பாட்டு பாடுவாள். "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்று சொல்கிற முதல் ஆள் கண்ணாடியம்மாதான். வீட்டில் இருந்த சின்னவளுக்கு அவளைத் தெரியவே தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குழு பெரிய பஸ் ஒன்றை அமர்த்தி மலைக்குப் போகும். அன்றைக்குக் குடும்பத்தாரும் வரலாம். எல்லாராலும் ஒரே மாதிரி ஏற முடியாதல்லவா, அதனால் மூன்று வழிகள். பச்சை ரிப்பன் கட்டியவர்கள் அடிவாரத்து ஏரியைச் சுற்றி வருவார்கள். மஞ்சள் ரிப்பன்காரர்கள் பாதி மலை ஏறி இறங்குவார்கள். சிவப்பு ரிப்பன்காரர்களுக்கு உச்சி. சின்னவள் முதல் வருடம் பச்சை, அடுத்த வருடம் மஞ்சள். இந்த வருடம் சிவப்பு கட்டுவது என்று மனதுக்குள் முடிவு பண்ணி, மாதக்கணக்காக வேலைக்கு நடந்தே போய் வந்தாள்.

பெரியவளின் கணவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடியில் தனியாக இருந்தாள். நாள் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். ஒரு சாயங்காலம் கீழே வந்தவள், சின்னவள் துடைத்து வைத்திருந்த மலைச் செருப்பைப் பார்த்தாள். ஷூ மாதிரி கயிறு வைத்த புதுச் செருப்பு, தடித்த அடிப்பாகம்.

"இது என்ன, மிலிட்டரியில சேரப் போறியா?"

"இல்லக்கா. குழுவுல மலைக்குப் போறோம்."

"குடும்பத்துல உள்ளவங்களும் வரலாமாமே. உன் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வரலையாம். நான் வர்றேன்." அவள் கேட்கவில்லை, சொன்னாள். செருப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு சைஸ் சின்னதா வாங்கிட்டே. விரல் நசுங்கும்" என்றாள்.

"சரிக்கா" என்றாள் சின்னவள்.

அன்றிரவு படுத்தபடியே அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். பெரியவள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருவாள். எல்லார் முன்னாலும் "சின்னவளே, தண்ணி குடிச்சியா" என்பாள். கண்ணாடியம்மா அங்கேயே செத்துப்போவாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஒரு இடம் அது.

மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், சின்னவள் சக்கரத்தில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது தபால்காரரிடம் இருந்து போன் வந்தது.

"கண்ணாடியம்மா, புதுசா வர்றவங்களை எந்தப் பிரிவுல போடுறதுன்னு பாத்துட்டிருக்கேன். உங்க அக்கா எப்படி, நல்லா நடப்பாங்களா?"

பெரியவள் நன்றாக நடப்பாள். ஆஸ்பத்திரியில் மாடி மாடியாக ஏறி இறங்கிய கால்கள். இன்றைக்கும் தண்ணீர்க் கேனைத் தானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள்.

"இல்லீங்க. பச்சையிலயே போடுங்க. அக்காவுக்கு முட்டி சரியில்ல" என்றாள் சின்னவள். எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. "ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அடடா. சரி, நான் வேணா அவங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம் வேண்டாம். கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்வாங்க. ரோஷக்காரங்க. நீங்களே பக்குவமா பாத்துக்கோங்க."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் லென்ஸ் தேவைக்கு மேல் தேய்ந்து போயிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். முதல் பொய்யைவிட இரண்டாவது பொய்தான் மோசமானது என்று அவளுக்கு அப்போதே தெரியும். முதல் பொய் பெரியவளைப் பச்சையில் போட்டது. இரண்டாவது, அவள் வாயை அடைத்தது. இனி அவள் என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்படியேதான் நடந்தது. மலையடிவாரத்தில் பஸ் நின்றதும் தபால்காரர் ரிப்பன் கொடுத்துக்கொண்டே வந்தார். பெரியவள் கையில் பச்சையை வைத்தார். பெரியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இது குழந்தைங்களுக்குக் கட்டுறதில்ல? எனக்குச் சிவப்பு குடுங்க. சின்னவ கூடப் போறேன்."

"பரவாயில்லம்மா, ஏரிப் பக்கம் ரொம்ப அழகா இருக்கும்."

"அழகு இருக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா ஏறுவேன்."

தபால்காரர் பக்குவமாகச் சிரித்தார். பச்சைக் குழுவை அழைத்துப் போகிற மருந்துக்கடைக்காரரும் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. உடம்புதானே முக்கியம்? வாங்க, மெதுவா போகலாம், அங்கங்க பெஞ்சு இருக்கு" என்று அவள் முழங்கையைப் பிடித்தார். வாழ்நாள் முழுக்க நோயாளிகளின் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவள் அவள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள்.

சின்னவள் குனிந்து செருப்புக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அவள் பையில் சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது பெரியவள் போய்விட்டிருந்தாள். கைத்தடி ஊன்றிய இரண்டு கிழவர்களுக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கும் நடுவில், முதுகை நேராக வைத்துக்கொண்டு, ஏரிப் பாதையில் நடந்து போனாள்.

ஏற்றம் கடினமாகத்தான் இருந்தது. பாறைகளில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். மரங்கள் முடிந்து புல் வந்தது, புல் முடிந்து வெறும் கல். மூச்சு வாங்கியது. கூட வந்தவர்கள் "கண்ணாடியம்மா, பாட்டு எங்கே?" என்று கேட்டார்கள். பாடினாள். பாட்டு இரண்டாவது அடியிலேயே நின்றுவிட்டது. அந்த நேராக வைத்த முதுகு கண்ணை விட்டுப் போகவில்லை. ஒருமுறையாவது திட்டியிருக்கலாம். "ஏய், நீ சொல்லேன்டி, எனக்கு என்ன முட்டிவலி?" என்று கத்தியிருக்கலாம். கத்தாமல் போனதுதான் உறுத்தியது.

உச்சியில் எல்லாரும் கை தட்டினார்கள். தபால்காரர் அவள் தோளைத் தட்டி, "முதல் வருஷ பச்சை இன்னைக்குச் சிவப்பு!" என்றார். கீழே ஏரி ஒரு கிண்ணத் தண்ணீர் போலத் தெரிந்தது. கரையில் எறும்பு மாதிரி ஆட்கள். அதில் பெரியவள் எது என்று சின்னவள் கண்ணைச் சுருக்கித் தேடினாள். ஆரஞ்சை உரித்துச் சுளையை வாயில் போட்டாள். ருசி தெரியவில்லை. போய் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும், அடுத்த வருடம் அக்காவைச் சிவப்பிலேயே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் கொஞ்சம் லேசானது. அடுத்த சுளை இனித்தது.

அப்போதுதான் தபால்காரரின் போன் அடித்தது. கீழே இருந்து மருந்துக்கடைக்காரர் பேசினார். தபால்காரர் முகம் மாறியது.

"கண்ணாடியம்மா, உங்க அக்கா இங்க எங்கயாவது வந்தாங்களா? பெஞ்சுல டீ குடிக்கிறப்ப பாத்ரூம் போறேன்னு எழுந்து போனவங்க திரும்பி வரலையாம். சிவப்புப் புள்ளி பிரியுற இடத்துல அவங்க ரிப்பன் கிடந்துச்சாம்."

சின்னவள் கையில் இருந்த ஆரஞ்சு நழுவியது. பெரியவள் வரவில்லை. ஏறியிருந்தால் இதற்குள் உச்சிக்கு வந்து சேர்ந்திருப்பாள். இருக்கிறது ஒரே வழி. அந்தச் சமயம் பார்த்து மலையின் பின்பக்கத்தில் இருந்து மேகம் இறங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஏரி காணாமல் போயிற்று.

மற்றவர்களை மெதுவாக இறங்கி வரச் சொல்லிவிட்டு, தபால்காரரும் சின்னவளும் முன்னால் இறங்கினார்கள். இறக்கத்தில் ஓடக் கூடாது என்பது அவள் முதலில் கற்ற பாடம். ஓடினாள். "அக்கா! அக்கா!" என்று கத்தினாள். மேகத்துக்குள் குரல் பஞ்சில் அமுக்கியது போலப் போயிற்று. தபால்காரர் பின்னால் வந்துகொண்டே, "பயப்படாதீங்க. முட்டி சரியில்லாதவங்க ரொம்ப மேல வந்திருக்க முடியாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கத்தியால் கீறியது போல இருந்தது. அந்த முட்டிகளுக்கு ஒன்றுமில்லை, எவ்வளவு மேலேயும் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். தேடும் இடத்தைத் தீர்மானிக்கவே அது தேவை. நாக்கு எழவில்லை.

கடைசியில் வேறு மாதிரி சொன்னாள். "இல்லீங்க. அவங்க பிடிவாதக்காரங்க. மேலேயே தேடுவோம்."

பாதை ஓர் ஓடையை ஒட்டித் திரும்புகிற இடத்தில், புள்ளி வைத்த பாறையைப் புதர் மறைத்திருந்தது. மேகத்தில் வந்தவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. நேராகப் போனால் ஈரமண் சரிவு. அதில் நீளமாகச் சறுக்கிய தடம் புதிதாக இருந்தது. தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

கீழே, ஓடைக் கற்களுக்கு நடுவில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். வலது காலை நீட்டி, இரண்டு பக்கமும் குச்சி வைத்து, கழுத்துத் துணியைக் கிழித்து முட்டியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கட்டு வார்டில் போட்டது போலக் கச்சிதமாக இருந்தது. முகம் மட்டும் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள்.

சின்னவள் சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி அவள் பக்கத்தில் போய் விழுந்தாள். பெரியவளின் கைகளைப் பிடித்துத் தேய்த்தாள். ஐஸ் போல இருந்தன. தான் மேலே போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றிப் போர்த்தினாள்.

தபால்காரர் மேலே நின்று ஆள் அனுப்பச் சொல்லிப் போனில் பேசிவிட்டு இறங்கி வந்தார். பயம் போனதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது? முட்டி சரியில்லாத உங்களை யாரு மேல ஏறச் சொன்னது? டாக்டரே வேண்டாம்னு சொல்லியிருக்கார்னு உங்க தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

பெரியவள் திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள். நிதானமாக, காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஆமா தம்பி" என்றாள். "சொன்ன பேச்சைக் கேக்கல. தப்பு என்னுதுதான்."

சின்னவள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கொடுக்கப்பட்டது. ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்ப வாயை மூடிக்கொண்டாள்.

மீட்புக்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டிச் சில்லு உடைந்திருக்கிறது, தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும் என்றார். "ஏற்கெனவே இந்த முட்டியில தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சாம் டாக்டர்" என்றார் சின்னவளின் கணவர். தபால்காரர் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்படித் தெரியலையே. இன்னொரு முட்டியையும் பாத்தேன். முப்பது வயசுக்காரங்க முட்டி மாதிரி இருக்கு. இந்த வயசுல இப்படி நான் பாத்ததே இல்ல."

"பின்னே அந்தத் தபால்காரர் ஏன் அப்படிச் சொன்னாரு?" என்று கணவர் சின்னவளைக் கேட்டார். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்து பெரியவள், "யாரோ எதையோ சொல்லியிருப்பாங்க. நீ போய் மருந்தை வாங்கிட்டு வா, கடை மூடிடப் போறான்" என்று கொழுந்தனாரை விரட்டினாள்.

மாடி ஏற முடியாததால் பெரியவளைக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். சின்னவள் தன் படுக்கையறையையே காலி பண்ணிக் கொடுத்தாள். கடையில் நீண்ட விடுப்பு எடுத்தாள். விழுந்து விழுந்து கவனித்தாள். கூப்பிடுவதற்கு முன்னால் போய் நின்றாள். தலையணையைச் சரிசெய்தாள், சரிசெய்த தலையணையைத் திரும்பச் சரிசெய்தாள். பெரியவள் வேண்டாம் என்ற பழச்சாற்றை மறுபடி பிழிந்து கொண்டுவந்தாள்.

"ஏம்மா, நான் என்ன சாகவா கிடக்கேன்? போய் உன் வேலையைப் பாரு."

"இருக்கட்டும்க்கா."

தெருவில் எல்லாரும் சின்னவளைப் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்த தங்கைகூட இப்படிச் செய்யமாட்டாள் என்றார்கள். எதிர்வீட்டம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "பாத்துக் கத்துக்கோ" என்று காட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் சின்னவள் உள்ளே கூனிக் குறுகினாள். சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாத நடைக்குப் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. மலைச் செருப்பைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். கடைக்குத் திரும்பப் போனபோது, யாரோ ஒருவருடைய இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்ததில், அவர் படியில் தடுமாறி விழப் போனார். முதலாளி வெளியே வந்து மன்னிப்புக் கேட்டார். "உனக்கு என்ன ஆச்சு?" என்று அவளைக் கேட்டார். வீட்டில் ஆள் படுத்திருக்கிறதல்லவா என்று கடையில் உள்ளவர்களே சமாதானமும் சொல்லிக்கொண்டார்கள். அதுவும் அவளுக்குச் சாதகமாகவே போயிற்று. எதைச் செய்தாலும் நல்ல பெயர்தான் வந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம். பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முட்டியை மடக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து குதிகாலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கால் கொஞ்சம் மடங்கும், பிறகு துருப்பிடித்த கீல் மாதிரி நின்றுவிடும். பெரியவள் பல்லைக் கடித்தாள். சத்தம் போடவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது.

சின்னவள் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, நான்தான் தபால்காரர்கிட்ட பொய் சொன்னேன். உங்களுக்கு முட்டி சரியில்லன்னு."

"தெரியும்" என்றாள் பெரியவள். "குதிகாலைக் கீழ விடாதே."

"தெரியுமா?"

"அன்னைக்குப் பஸ்ஸுல ஏறினதும் அந்த மனுஷன் என்னை முன் சீட்டுல உக்கார வச்சு, காலை நீட்டிக்கோங்கன்னார். எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்கன்னு வேற விசாரிச்சார். எனக்கே தெரியாத டாக்டர்! வேற யாரு சொல்லியிருப்பா, பஸ் டிரைவரா?"

"அப்புறம் ஏன்க்கா என்னைக் காட்டிக் குடுக்கல? ஓடையில வச்சுக்கூட..."

பெரியவள் மூச்சை இழுத்து விட்டாள். "உன்னைக் காப்பாத்துறதுக்குன்னு நினைச்சியா? அங்க இருந்த எல்லாரும் கண்ணாடியம்மா கண்ணாடியம்மான்னு உன்னைச் சுத்தி நிக்கிறாங்க. அவங்க முன்னாடி, 'இவளுக்கு என்னைக் கூட்டிட்டு வரப் பிடிக்கல, அதனால பொய் சொல்லிட்டா'ன்னு நான் சொல்லணுமா? அதுக்கு முட்டி சரியில்லன்னே இருந்துட்டுப் போகட்டும். வீட்டுக்குள்ள வேண்டாத ஆளுன்னு பேர் வாங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்."

சின்னவள் குதிகாலைப் பிடித்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாள் பெரியவளின் கால்தான் உடைந்தது என்று நினைத்திருந்தாள்.

"அந்த இடம் ஒண்ணுதான்க்கா எனக்குன்னு இருந்துச்சு" என்றாள் கடைசியில். "அங்க நான் சின்னவ இல்ல."

"அதை என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல? 'அக்கா, இது மட்டும் எனக்கு வேணும், நீங்க வராதீங்க'ன்னு."

"சொல்லியிருந்தா வராம இருந்திருப்பீங்களா?"

பெரியவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். ஜன்னல் திரையைப் பார்த்தாள்.

"வந்திருப்பேன்தான்" என்றாள். "மாடியில தனியா எவ்வளவு நேரம் ரேடியோ கேக்குறது?"

பெரியவள் காலை மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு சின்னவள், "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

"முட்டி முழுசா மடங்கட்டும், அப்புறம் பாக்கலாம். இப்ப குதிகாலைப் பிடி."

முட்டி முழுசாக மடங்கவே இல்லை. டாக்டர் முடிந்ததைச் செய்தார், பெரியவள் முடியாததையும் செய்தாள், இருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் வரவில்லை. ஊன்றுகோலோடு மாடிக்குத் திரும்பிப் போனாள். கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் தாங்க வந்த சின்னவளை, "தள்ளி நில்லு, நீ விழுந்தா யாரு தூக்குறது?" என்று அதட்டினாள்.

சின்னவள் தபால்காரரிடமும் போய்ச் சொன்னாள். தபால் நிலையத்து வாசலில், அவர் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நெடுநேரம் பையின் வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "எனக்கு ஒரு குறையும் இல்லன்னு அந்தம்மா சொன்னப்ப நான் சிரிச்சேன்" என்றார். "அவங்க முகத்துக்கு நேரா நின்னு சிரிச்சேன்." பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவரிடமும் ஒரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்தோமே என்று அதுவும் சேர்ந்து அவளை அரித்தது. குழுவுக்கு அவள் மறுபடி போக வெகு நாள் ஆயிற்று. போன பிறகும் சிவப்பு கட்டவில்லை. யாரும் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கால் எழவில்லை, அவ்வளவுதான்.

பெரியவளோடு இப்போது அவள் சண்டை போடுகிறாள். அது ஒரு மாற்றம். போன வாரம்கூடக் குழாய் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது என்று மாடிப்படியில் நின்று இருவரும் கத்திக்கொண்டதில் எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். சின்னவள் "முடியாதுக்கா" என்றாள். பெரியவள் கொஞ்சம் அசந்துதான் போனாள். பிறகு, "என்னவோ பண்ணித் தொலை" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் யாராவது விருந்தாளி வந்து, "கால் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும், பெரியவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். மலைக்குப் போன கதையை ஆரம்பிப்பாள். அந்தக் கதையில் உச்சி வரவர அவளுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. முதலில் பாதி மலை ஏறியதாகச் சொன்னாள், பிறகு முக்கால், இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரம். மேகம் இப்போதெல்லாம் இடி மின்னலோடு வருகிறது. முட்டிவலியோடு ஏறினேன், யார் சொல்லியும் கேட்கவில்லை என்பாள். கடைசியில் எப்போதும் ஒரே இடத்துக்கு வந்து நிற்பாள்.

"அப்பப் பாருங்க, அந்த மேகத்துக்குள்ள அக்கா அக்கான்னு ஒரே சத்தம். இவதான்! சறுக்கு மரத்துல வர்ற மாதிரி மண்ணுல உருண்டு வர்றா. போட்டிருந்த சட்டையைக் கழட்டிப் போத்திட்டா. இவ மட்டும் வரலைன்னா என் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்."

விருந்தாளிகள் திரும்பிச் சின்னவளை வாஞ்சையோடு பார்ப்பார்கள். டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஒருமுறை, அவர்கள் போன பிறகு, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏன்க்கா அதையே சொல்றீங்க? எனக்குக் கேக்க முடியல."

பெரியவள் டம்ளரை நீட்டினாள். "தெரியும்" என்றாள். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்து."

சின்னவள் ஊற்றினாள்.